மூக்கு உடைந்த ராஜா

பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தது 1984இல். நாகப்பட்டினத்துக்கு 'சிதம்பரம்' கப்பல் என்றைக்கு வரும் என்று முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். அப்பா வாடகைக் கார் பேசிக்கொண்டு முதல் நாளே போய்விட்டார். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது, தெருப்பிள்ளைகளில் பாதிப்பேர் புழுதியில் அதன் பின்னால் ஓடிவந்தோம். எனக்கு எட்டு வயது.

திண்ணையிலேயே பெட்டியைத் திறந்தார்கள். கோடாலித் தைலம், பூப்போட்ட கைலி, டார்ச் லைட், வாசனைப் பவுடர், ஒரு டேப் ரெக்கார்டர். எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றியபடி ஓர் அட்டைப்பெட்டி. அது பெரியப்பா மகன் அண்ணனுக்கு. உள்ளே ரோபோ.

அந்த வார்த்தையே எங்களுக்குப் புதிது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் வந்து, ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி வீட்டுக்கு வீடு பழக்கமாவதற்கு இன்னும் சில வருஷம் இருந்தது. பெரியப்பா டார்ச் லைட்டிலிருந்து இரண்டு பேட்டரிக் கட்டையைக் கழற்றி ரோபோவின் முதுகில் போட்டார். சிமெண்டுத் தரையில் நிற்கவைத்து விசையைத் தட்டினார். நாலடி நடந்தது. நின்றது. நெஞ்சில் இரண்டு கதவுகள் திறந்துகொண்டன. உள்ளேயிருந்து இரட்டைத் துப்பாக்கி சிவப்பாக மின்னி மின்னிச் சுட்டது. இடுப்புக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிக் கதவை மூடிக்கொண்டு மறுபடி நடந்தது. கட்டைத்தூணில் சாய்ந்திருந்த அப்பாயி, "ஆத்தாடி" என்று வாயில் கை வைத்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது.

அந்தக் கப்பலின் கடைசிக்காலம் அது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதமாகி, சிதம்பரத்தின் ஓட்டம் அதோடு நின்றுபோனது. தஞ்சாவூர்ச் சீமையில் எத்தனையோ வீடுகளின் கண்ணாடி அலமாரிகளை நிரப்பியது அந்தக் கப்பல்தான்.

எங்கள் ரோபோவும் கண்ணாடி அலமாரிக்குள்தான் போனது. இரண்டாவது நாளே அப்பாயி பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது. "சிங்கப்பூர்ச் சாமான்டா அது. கீழ விழுந்து ஒடஞ்சா யாரு போயி வாங்கியாறது?" வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் மட்டும் ரோபோ வெளியே வரும். ஒரு நடை நடக்கும். கதவு திறக்கும், சுடும், மூடும். பிறகு உள்ளே போய்விடும். அதன் சொந்தக்காரனான அண்ணனே அதைத் தொட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தொட முடியாததால் அதன்மேல் ஆசை வளர்ந்துகொண்டே போனது. சென்னையில் அத்தை வீட்டுக்குப் போன அண்ணன், தூர்தர்ஷனில் 'ஜெயன்ட் ரோபோ' பார்த்துவிட்டு வந்து கதை சொன்னான். ஜப்பானில் 1967இல் எடுத்த தொடர் அது. ஒரு பையன், கைக்கடிகாரத்தில் பேசினால் வானுயர ரோபோ பறந்து வந்துவிடும். அன்று சாயங்காலமே நாங்கள் தென்னங்கீற்றைக் கிழித்து ஆளுக்கொரு வாட்ச் பின்னிக் கட்டிக்கொண்டோம். ஓலையை மடக்கி மடக்கிப் பின்னி, ஈர்க்குச்சியில் முள் வைத்த வாட்ச். அலமாரிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, வாட்சை வாயருகே கொண்டுபோய், "ரோபோ, எழுந்திரு" என்று கூப்பிடுவோம். கண்ணாடிக்குப் பின்னால் அது அசையாமல் நிற்கும்.

அந்த அலமாரிக்கு வெளியே, கூடத்துத் தரையில், இன்னொரு பொம்மை கிடந்தது. நாங்கள் விளையாடியது அதனோடுதான்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்கு ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே போகும். முதல் நாள் ராத்திரியே நடந்து கிளம்புகிறவர்கள் உண்டு. நாங்கள் விடிகாலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம். சாமி கும்பிட்டு வெளியே வந்தால் தலையாட்டி பொம்மைக் கடைகள். தரையில் சாக்கு விரித்து நூறு ராஜா, நூறு ராணி. கடைக்காரர் ஒரு பலகையால் வரிசையை லேசாகத் தட்டிவிடுவார். அத்தனையும் ஒரே நேரத்தில் சாய்ந்து, ஒரே நேரத்தில் எழுந்து, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆடி அடங்கும். சிவப்புத் தலைப்பாகை, முறுக்கு மீசை, கன்னத்தில் ரோஸ், கழுத்தில் மஞ்சள் புள்ளிகளால் வைத்த மாலை. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தால், அந்தச் சில்லறைக்குள் அடங்குகிற விலை.

அந்த ராஜா பஸ்ஸிலேயே ஒரு தடவை கீழே விழுவார். வீடு வருவதற்குள் தலைப்பாகை ஓரத்தில் பெயிண்ட் போயிருக்கும். புரட்டாசிக் கொலு முடிவதற்குள் மூக்கு போய்விடும். மூக்கு போனால் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு தெரியும். அதற்கும் உள்ளே பழைய நோட்டுத்தாள் கூழ். எழுதிய தாள் என்பதால் சில இடத்தில் ஊதா மை திட்டுத்திட்டாக இருக்கும். நான் அதை நகத்தால் சுரண்டி, ஓர் எழுத்தாவது தெரிகிறதா என்று பார்த்திருக்கிறேன். உடைந்தால் யாரும் அடித்ததில்லை. "போனாப் போவுது, அடுத்த ஆவணிக்கு வாங்கிக்கலாம்" என்று அம்மா சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மூக்கு உடைந்த ராஜாவுக்கு ஆடிப்பெருக்கன்று ஒரு வேலை இருந்தது. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தால் கல்லணையில் பிரிந்து வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிடும். ஆடிப் பதினெட்டுக்கு நாங்கள் சப்பரம் கட்டுவோம். ஒரு பலகை, நாலு மரச்சக்கரம், மூங்கில் பிளாச்சில் கூரை, கலர்த்தாள். மற்ற தெருப் பிள்ளைகள் சப்பரத்தில் சாமி படம் வைப்பார்கள். எங்கள் சப்பரத்தில் சாமி படத்துக்கு முன்னால் போன வருஷத்து ராஜாவும் இருப்பார். மண் ரோட்டில் கல் தட்டும்போதெல்லாம் அவர் இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டே வருவார். எதிரே வருகிற கிழவிகள் கும்பிடுவார்கள். படித்துறையில் அம்மாக்கள் காதோலை கருகமணி விடும்போது, நாங்கள் ராஜாவை விடுவோம். அடி கனமும் மேல் பொள்ளலும் என்பதால் அவர் கொஞ்சதூரம் நின்றபடியே மிதந்து போவார். பிறகு தாள் ஊறிக் கவிழ்வார். ஒருவனும் அழமாட்டான். இன்னும் இரண்டு வாரத்தில் ஆவணி.

நுங்கு வண்டி, பூவரசம்பீப்பி, கோடையில் குளம் வற்றும்போது களிமண்ணில் பிடித்த மாடு என்று எங்கள் சாமான்கள் எல்லாமே ஒரு பருவத்தில் வந்து அந்தப் பருவத்திலேயே போய்விடுகிறவைதான். ரோபோ ஒன்றுதான் போகாமல் இருந்தது.

ஒரே ஒரு தடவை இரண்டும் சந்தித்தன. அப்பாயி திருவையாற்றுக்குக் காரியத்துக்குப் போயிருந்த பகலில் அண்ணன் எப்படியோ சாவியை எடுத்துவிட்டான். ரோபோவை ஒரு முனையில் விட்டான். எதிரே நான் ராஜாவை வைத்தேன். ரோபோ நடந்து வந்தது. நின்று சுட்டது. ராஜா அசையவில்லை. மறுபடி நடந்து வந்து மோதியது. ராஜா தரையைத் தொடுமளவுக்குச் சாய்ந்து, எழுந்த வேகத்தில் ரோபோவின் முழங்காலில் இடித்தார். அது மல்லாக்க விழுந்தது. விழுந்தும் நிற்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு காலையும் மாற்றி மாற்றி நடந்துகொண்டே இருந்தது. கதவு திறந்து ஓட்டுக்கூரையைச் சுட்டது. ராஜா பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அவ்வளவு சிரிப்பு நாங்கள் அதற்குப் பிறகு சிரித்ததில்லை. ரோபோவின் முதுகில் விழுந்த கீறலைப் பார்த்த அப்பாயி, அன்றைக்கு ராத்திரி சாவியைப் பரணில் ஏற்றியது.

அதற்குப் பிறகு ரோபோ நடக்கவில்லை. யாரும் கட்டையைக் கழற்றவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. உள்ளேயே கசிந்து, பித்தளைத் தகடுகளைத் தின்று, பச்சையாகப் பூத்துக் கிடந்தது. உடையக்கூடாது என்று பூட்டிய பொம்மை, பூட்டினதாலேயே செத்துப்போனது. எட்டு வயதில் எனக்கு அது புரியவில்லை. இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

இனி சொல்வது நாற்பது வருஷம் கழித்து.

சென்னையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சின்ன வயதுப் பொம்மைகளைத் தேடித்தேடிச் சேர்ப்பவர். அவர் வீட்டில் ஒரு முழு அறை அதற்கே. கண்ணாடிக் கதவு, உள்ளே மெல்லிய விளக்கு, ஈரம் ஏறாமலிருக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். எண்பதுகளில் லியோ செய்த ஹீ-மேன் பொம்மைகள் ஒரு தட்டில். 1984இல் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர்கள் இன்னொரு தட்டில். லாரி ரோபோவாகும், துப்பாக்கி ரோபோவாகும். அவற்றின் அச்சுகள் ஜப்பானில் டக்காரா நிறுவனம் தன் வேறு பொம்மைகளுக்காக முன்பே செய்துவைத்தவை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியதும், 2003இல் அதே டக்காரா வளர்ந்தவர்களுக்கென்றே 'மாஸ்டர்பீஸ்' என்ற வரிசையைத் தொடங்கியது. பழைய ரோபோதான். மூட்டுக்கு மூட்டு நுணுக்கம் கூடி, விலையும் கூடி.

நண்பர் உயிராக நினைப்பது ஜி.ஐ. ஜோ வரிசையை. எம்.ஆர்.எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், கோவாத் தொழிற்சாலையில் வார்த்த பொம்மைகள். அமெரிக்காவில் பச்சையாக வந்த சிப்பாய் இங்கே வேறு நிறத்தில் வந்திருப்பான். அங்கே இல்லாத ஆட்கள்கூட இங்கே உண்டு. அதனாலேயே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியப் பொம்மைகளை வலைபோட்டுத் தேடுகிறார்கள். ஒரு சிப்பாயை எடுத்து முதுகுத் திருகைக் கழற்றிக் காட்டினார். இடுப்பையும் கால்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம். "சும்மா வச்சிருந்தாலே இது இத்துப்போயிரும் சார். விளையாடித்தான் அறுபடணும்னு இல்ல." புது வளையத்தைக் கொக்கியில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடினார். அந்த விரல்களில் இருந்த கவனத்தைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. பொம்மை சேர்ப்பதை வேலையற்றவர்கள் வேலை என்று சொல்கிறவர்கள் அந்த விரல்களைப் பார்க்கவேண்டும்.

அந்தத் தட்டுகளுக்கு நடுவில் சிவப்பாக, கை கால் இல்லாமல், முறைத்த முகத்தோடு ஓர் உருண்டை உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணில்தான் கருமணி. மற்றது வெள்ளை. விரலால் தள்ளினேன். சாய்ந்து எழுந்தது. என் வாயில் தானாக வந்தது, "இது எங்க ஊர்ப் பொம்மையாச்சே!"

ஜப்பானில் வாங்கிய தாருமா என்றார். காஞ்சிபுரத்திலிருந்து போனதாக நம்முடைய மரபு சொல்கிற போதிதருமரின் உருவம் அது. அதுவும் காகிதக்கூழ்தான். தக்காசாகி என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். வாங்குகிறவர் ஒன்றை நினைத்துக்கொண்டு ஒரு கண்ணில் மணி வைப்பார். நினைத்தது நடந்தால் மறுகண். வருஷம் முடிந்ததும் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே குவித்து எரித்துவிடுவார்கள். அங்கேயே புது தாருமா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நண்பர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு வெண்ணாற்றுப் படித்துறையில் நின்றபடியே மிதந்துபோன ராஜா கண்முன் வந்துவிட்டார்.

நானும் சேர்க்கத் தொடங்கினேன். ரோபோவை அல்ல, ராஜாவை. முதலில் சென்னையில் ஒரு கடையில் 'தஞ்சாவூர் பொம்மை' என்று எழுதி வைத்திருந்ததை வாங்கிவந்தேன். தட்டினேன். ஆடியது. ஆனால் சத்தம் வேறு. நகத்தால் சுண்டினால் தட்டையாகச் சொத்தென்று கேட்டது. வெறும் பிளாஸ்டிக். காகிதக்கூழ் ராஜாவைச் சுண்டினால் உள்ளே வெற்றிடம் பேசும், காய்ந்த சுரைக்காயைத் தட்டினாற்போல. அந்தச் சத்தம் என் விரலுக்கு ஞாபகம் இருந்தது. பிறகு பூம்புகார் கைவினைக் கடையிலும் தெரிந்தவர்கள் மூலமாகவும் நல்ல பொம்மைகளாகத் தேடி ஏழு சேர்ந்தன. நாலு துண்டாகப் பிரிந்து கம்பி முனையில் ஆடுகிற நாட்டியக்காரி ஒன்று. பாவாடை, இடுப்பு, மார்பு, தலை, நான்கும் தனித்தனியாக அசையும். மற்ற ஆறும் ராஜா ராணி. கண்ணாடி அலமாரி செய்து வைத்தேன்.

ஒருநாள் வீட்டுக்கு வந்த பிள்ளை ஒன்று அலமாரியைத் திறந்து ராணியை எடுத்தது. "தொடாதம்மா, ஒடஞ்சிடும்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அது என் குரல் இல்லை என்று பட்டது. கட்டைத்தூணில் சாய்ந்துகொண்டு அப்பாயி பேசிய குரல். பிள்ளை ராணியை வைத்துவிட்டு, சோபாவில் கிடந்த தன் பிளாஸ்டிக் ரோபோவை எடுத்து, அதன் கையை முறுக்கிக் கழற்றிப் போட்டுவிட்டு மறுகையை முறுக்கத் தொடங்கியது. எங்கள் கூடத்தில் ரோபோ உள்ளேயும் ராஜா தரையிலும் இருந்தார்கள். என் வீட்டில் ராஜா உள்ளே, ரோபோ தரையில். நாற்பது வருஷத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடம் மாறியிருந்தன. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன ஆவணியில், கூட்டமில்லாத ஒரு வாரநாளாகப் பார்த்துப் புன்னைநல்லூர்ப் பக்கம் பொம்மை செய்கிற ஒரு வீட்டுக்குப் போனேன். செய்கிறவருக்கு அறுபத்தைந்து இருக்கும். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தலை ஒட்டி வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் பலகைகளில் பொம்மை உடம்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

"வாங்க தம்பி, பாத்து வாங்க. ஈரமா இருக்கு" என்றார்.

அவர் மனைவி அடுப்பில் மரவள்ளிமாவுப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். அதில் மயில்துத்தம் கரைத்துவிட்டதால் பசை மங்கிய நீலத்தில் இருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க அது. காகிதக்கூழை அச்சின் இரண்டு பாதியிலும் விரலால் அழுத்தி அப்புகிறார்கள். மூக்கு நுனிக்குக் கட்டைவிரல் நகம். காய்ந்ததும் இரண்டு பாதியையும் ஒட்டி ஓர் உடம்பு. அடியில் அரைவட்டக் கிண்ணமாகக் களிமண். அந்தக் களிமண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. கனம் முழுக்க அடியில். மேலே உள்ளது வெறும் தாள் தோல். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தக் கனம் மேலே தூக்கப்படும். அது கீழே வரப் பார்க்கும். அதனால் பொம்மை எழும். இதைப் பள்ளிக்கூடத்தில் ஈர்ப்புமையம் என்று படித்திருக்கிறேன். பெரியவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. காய்ந்த ஒன்றை எடுத்துத் தரையில் சாய்த்து விட்டார். எழுந்து ஒருபக்கமாக நின்றது. உள்ளங்கையில் சின்ன உருண்டை மண்ணெடுத்து அடியில் ஓரிடத்தில் அழுத்தினார். மறுபடி விட்டார். நேராக நின்றது.

"இது தலைய ஆட்டுதுன்னு எல்லாரும் சொல்லுறாங்க தம்பி. ஆட்டுறது அடி."

யாராவது எதற்கும் ஆமாம்சாமி போட்டால் நாம் அவரைத் தலையாட்டி பொம்மை என்கிறோம். அந்த வசவு எனக்கு எப்போதும் வலிக்கும். எத்தனை தடவை படுக்க வைத்தாலும் படுக்க மறுக்கிற பொம்மை அது.

பிறகு மாவுப்பூச்சு, உப்புத்தாள் தேய்ப்பு, பெயிண்ட். கண் கடைசியில். கண் எழுதும்போது பெரியவர் பேசவில்லை. ராஜாவின் தலையை இடக்கையில் பிடித்து, பிரஷ் நுனியை உதட்டில் தொட்டுக் கூராக்கி, ஒரே இழுப்பில் மேலிமை. திருப்பாமல் அடுத்த கண். இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இல்லை. அச்சில் அப்பிய பொம்மைக்கு முகம் தனித்தனியாக வருவது அங்கேதான்.

வியாபாரம் எப்படி என்று கேட்டேன். 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னார். ஃபோட்டோ எடுக்க வருகிறவர்களைப் பற்றிச் சொன்னார். பொங்கல் முடிந்தால்தான் நல்ல வெயில், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு பலகைகூடக் காயாது என்றார். நானே பேச்சை மாற்றினேன். என் வீட்டில் ஏழு பொம்மை வைத்திருக்கிறேன், கீறல்கூட விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டுச் சிரித்தார். பாராட்டுகிற சிரிப்புத்தான்.

"நல்லது தம்பி. உங்களமாதிரி ஆளுங்க வாங்குறதாலதான் இன்னும் அடுப்பு எரியுது. ஆனா ஒண்ணு. எங்கப்பா காலத்துல ஆவணி ஞாயித்துக்கெழம பொம்ம வாங்குன புள்ள கோயில் வாசல் தாண்டுறதுக்குள்ள போட்டு ஒடச்சிட்டு அழுதுகிட்டு திரும்பி வரும். அவங்கம்மா நாலு சாத்து சாத்திட்டு இன்னொண்ணு வாங்கிக் குடுக்கும். அடுத்த வருசம் அதே புள்ள மறுபடி வரும். இப்ப வாங்குறவங்க ஒண்ணு வாங்கிட்டு முப்பது வருசம் வச்சிருப்பீங்க. முப்பது வருசம் கழிச்சு வந்தா நான் இருப்பேனா?"

நான் பதில் சொல்லவில்லை. தக்காசாகியில் கோயில் முற்றத்தில் எரிகிற தாருமாக்களை நினைத்துக்கொண்டேன். கொலுவுக்கு வருஷம் ஒரு புதுப்பொம்மையாவது வாங்கவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்ததையும். பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்த களிமண் பிள்ளையாரைக் கிணற்றில் விட்டுவிட்டு அடுத்த வருஷம் அதே குயவரிடம் போய் நிற்பதையும். இதெல்லாம் பக்தி என்று நினைத்திருந்தேன். பக்திதான். ஆனால் அந்தப் பக்திக்குள் ஒரு பொம்மைக்காரரின் அடுத்த வருஷத்து அரிசியும் இருந்திருக்கிறது. நாங்கள் உடைத்தோம், அவர் செய்தார். நாங்கள் உடைப்பதை நிறுத்தியதும் அவர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பெரியவருக்கு இரண்டு மகன்கள். இருவரும் திருப்பூரில்.

என் நண்பரின் சேகரிப்பு வேறு. கோவாவில் அந்த அச்சுகள் ஓடுவது நின்று வருஷங்களாகிவிட்டன. இனி அந்த நிறத்தில் ஒரு சிப்பாய் வரப்போவதில்லை. அவர் காப்பாற்றாவிட்டால் இல்லாமலே போய்விடும். அவர் பூட்டிவைப்பது சரி. ஆனால் ராஜாவைச் செய்கிற கை இன்னும் புன்னைநல்லூரில் இருக்கிறது. அந்தக் கை இருக்கும்போதே பொம்மையைப் பூட்டிவைக்க என்ன அவசரம் என்று அந்த வாசலில் நின்றபோது தோன்றியது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணமே அதுதான். தஞ்சாவூர் பொம்மை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அதைப் பிள்ளை கையில் கொடுங்கள். உடைந்தால் போய் இன்னொன்று வாங்குங்கள்.

ஆறு ராஜா ராணி வாங்கிக்கொண்டேன். ஊரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். குறுவை அறுவடை நெருங்கி, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கதிர் பழுத்துக் கிடந்தது. அண்ணன் ரிட்டயராகி ஊரோடு வந்துவிட்டார். ஓட்டுக்கூரை போய்த் தளம் வந்துவிட்டது. கண்ணாடி அலமாரி மட்டும் அதே இடத்தில். ரோபோவும் அதே தட்டில்.

வெளியே எடுத்தோம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பழைய டூத்பிரஷ்ஷால் பச்சைப்பூப்பைத் தேய்த்தோம். அண்ணன் உப்புத்தாளால் தகட்டைச் சுரண்டி, அரித்துப்போன ஓரத்துக்குத் தகரத்துண்டு ஒன்றை வெட்டிச் செருகினார். இரண்டு புதுக் கட்டை போட்டோம். முதல் தடவை ஒன்றுமில்லை. அண்ணன் உள்ளங்கையால் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே என்னமோ முனகியது. ஒரு கால் எடுத்து வைத்தது. அப்புறம் மறுகால். நெஞ்சுக் கதவு ஒன்றுதான் திறந்தது. ஒரு துப்பாக்கி மட்டும் மங்கலாகச் சிவந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அவர் பேத்திக்கு மூன்று வயது. ரோபோவைப் பார்த்தாள். அதன் நடையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்தான். நான் தரையில் வைத்திருந்த ராஜாவிடம் போனாள். தலையைப் பிடித்து அமுக்கி விட்டாள். எழுந்தார். மறுபடி அமுக்கினாள். மறுபடி எழுந்தார். கைகொட்டிச் சிரித்தாள். அப்புறம் அவரை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு திண்ணை விளிம்புக்குப் போய், அங்கிருந்து வாசல் சிமெண்டில் போட்டாள்.

நான் எழுந்துவிட்டேன். அண்ணி உள்ளேயிருந்து, "என்னத்த போட்டு ஒடச்ச?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ராஜா வாசலில் நின்று ஆடிக்கொண்டிருந்தார். மூக்கு இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு தெரிந்தது. பேத்தி இறங்கிப்போய்க் குனிந்து பார்த்துவிட்டு, மூக்குத்துண்டைப் பொறுக்கி என் கையில் கொண்டுவந்து வைத்தாள்.

"போனாப் போவுது" என்றேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆவணியில் மூன்றாவது ஞாயிறு. புன்னைநல்லூருக்கு அவளையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை ராணி வேண்டுமாம்.